பைப்புல தண்ணி வருதா?

கத்திரி முடிய இன்னும் நாலு நாள் இருந்த ஒரு சனிக்கிழமை ராத்திரி. மணி பதினொன்றே கால். தூக்கத்திலேயே என் மனைவி "ஏசியைப் போடுங்களேன்" என்றாள். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரிமோட்டில் 24 என்று பச்சையாக எரிந்தது. அறைக்குள் அந்த 24-ஐத்தான் எங்கேயும் காணோம்.

அந்த நேரத்தில் என் வீட்டில் யாரும் செய்வதையே நானும் செய்தேன். முதலில் 24-ஐ 18 ஆக்கினேன். (இதனால் பத்து பைசா பிரயோஜனம் இல்லை. 24-ஐயே எட்ட முடியாதது 18-ஐ எப்படி எட்டும்? ஆனாலும் கை அங்கேதான் போகிறது.) அப்புறம் ஒருமுறை அணைத்துப் போட்டேன். அப்புறம் ஏசியின் பக்கவாட்டில் போன வருஷம் வந்த மெக்கானிக் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கரைப் பார்த்து போன் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. மே மாதத்தில், ராத்திரி பதினொன்றேகாலுக்கு, எடுத்திருந்தால்தான் ஆச்சரியம்.

போன வருஷமும் இதே மாதம், இதே புகார். வந்தவர் வெளி யூனிட்டில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு "கேஸ் கொஞ்சம்கூட இல்ல சார்" என்றார். கேஸ் அடித்து, வாட்டர் சர்வீஸும் (தண்ணீர் பீய்ச்சி அழுக்கைக் கழுவுவது) செய்து, 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று ராத்திரியே போர்வை தேட வேண்டியிருந்தது. அதனால் இந்த முறையும் கேஸ்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருக்கும் அல்லவா, அந்த மாதிரி.

என் சித்தப்பா ரயில்வேயில் இருந்தவர். பேசின் பிரிட்ஜ் யார்டில் ஏசி பெட்டிகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். ஒரு பெட்டியின் கூரையில் இரண்டு மிஷின், ஒவ்வொன்றும் குளிரூட்டும் கணக்கில் 7 டன். உள்ளே 64 பேர். வண்டி கிளம்ப நாற்பது நிமிஷம் இருக்கும்போதுதான் ஏதாவது ஒன்று மக்கர் செய்யும் என்பார். இப்போதும் அவர் தூங்க ராத்திரி ஒரு மணி ஆகும். போன் போட்டேன்.

"என்னடா இந்நேரத்துல?"

"ஏசி கூல் ஆகல சித்தப்பா. கேஸ் போயிருச்சு போல."

"கேஸ் போச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"போன வருஷமும் இதேதான். கேஸ் அடிச்சப்புறம்தான் சரியாச்சு."

"அதை விடு. பைப்புல தண்ணி வருதா?"

எந்தப் பைப் என்று எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக அந்த ஏசி எங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. அது விடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன் டார்ச்சோடு பால்கனிக்குப் போய்ப் பார்த்தால், சுவரிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் வெளியே வந்து கீழ்நோக்கித் தொங்குகிறது. நாங்கள் முதல் மாடி. குழாய்க்கு நேர் கீழே, தரைத்தளத்து அக்கா ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் புதினா வைத்திருக்கிறார். குழாய் முனை காய்ந்து கிடந்தது.

"சொட்டுகூட இல்ல சித்தப்பா."

"வெளிய ஃபேன் சுத்துதா? முன்னாடி கையை நீட்டிப் பாரு. காத்து சூடா வருதா?"

"சுத்துது. சூடுன்னு சொல்ல முடியாது, சுமாரா இருக்கு."

"சரி, உள்ள போ. மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவு. பின்னாடி என்ன தெரியுதுன்னு சொல்லு."

ஃபில்டரை உருவினேன். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை படிந்திருந்தது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் அப்படியே தோசை மாதிரி உரிந்து வந்தது. அதற்குப் பின்னால் கூலிங் காயில் (coil, அறைக்காற்றைக் குளிர்விக்கும் வளைகுழாய்) இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, கெட்டியாக, அந்தக் கால ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் மாதிரி ஐஸ்.

"ஐஸா? அப்ப பயப்படாத. மிஷின் குளிர் பண்ணுது, காத்துதான் அதுக்குள்ள நுழைய முடியல. கூலிங்கை நிறுத்திட்டு ஃபேன் மோடுல விடு, தானா உருகிடும். கத்தி கித்தி வச்சுக் குத்தாத. காலைல பேசு."

அன்று ராத்திரி நாங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்தோம். ஆனால் அந்த ஒரு கேள்வி, 'தண்ணி வருதா', எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ரிப்பேர் என்றால் ஏதோ மின்சாரம், கம்ப்ரஸர், சர்க்யூட் என்று பெரிதாகக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரு குழாயைப் பற்றி.

பிற்பாடு அவர் சொன்னதை வைத்துப் புரிந்துகொண்டது இது. ஒரு சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்பக்கம் வேர்க்கும். காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் நீராகிவிடும். ஏசிக்குள் நடப்பதும் அதுதான். அறைக்காற்று குளிர்ந்த காயில் மேல் படுகிறது, காயில் வேர்க்கிறது, வேர்வை அடியில் இருக்கும் தட்டில் விழுந்து குழாய் வழியாக வெளியே போகிறது. சென்னை மாதிரி கடலோர ஊரில், மே மாதத்தில், ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கெட் நிறைகிற அளவு தண்ணீர் வரும். சொல்லப்போனால் இந்த மிஷினே ஈரத்தைப் பிடிக்கத்தான் பிறந்தது. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் உப்பிச் சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி விழுந்துகொண்டிருந்தன. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினியர் முதல் ஏசியை வடிவமைத்தார். மனிதர்களுக்குக் குளிரூட்டுவது எல்லாம் அப்புறம் வந்த சௌகரியம்.

ஆக, குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது என்றால் காயில் குளிர்ந்திருக்கிறது. காயில் குளிர்ந்திருந்தால் கம்ப்ரஸர் ஓடுகிறது, கேஸும் இருக்கிறது. விலை கூடிய இரண்டும் உயிரோடு இருக்கின்றன. அப்புறமும் அறை குளிரவில்லையா, குற்றம் வேறெங்கோ. ஜன்னல் இடுக்கு, திறந்து கிடக்கும் பாத்ரூம் கதவு, மேற்குச் சுவர், அல்லது வெளி யூனிட்டுக்கு மூச்சு விட இடமில்லாதது. தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டே வழி. காயில் குளிரவில்லை, அல்லது தண்ணீர் வேறு எங்கோ போகிறது. வேலூரில் ஏப்ரல் மத்தியானம் காற்று காய்ந்திருக்கும்போதும், இன்வெர்ட்டர் ஏசி அறையைக் குளிர்வித்துவிட்டு மெதுவாக ஓடும்போதும் தண்ணீர் குறையும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

என் விஷயத்தில் தண்ணீர் வேறெங்கோதான் போயிருந்தது. காலையில் பார்த்தால் மெத்தையின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஐஸ் உருகி, தட்டு நிரம்பி, வெளியே போக வழியில்லாமல் முன்பக்கமாக வழிந்திருக்கிறது. ஏசிக்குக் கீழே சுவரில் பெயிண்ட் உப்பி இருந்ததைப் போன வாரமே பார்த்தேன். நவம்பர் மழையின் வேலை என்று நினைத்திருந்தேன். மழையில்லை, என் ஏசிதான் சுவருக்குள் அழுதுகொண்டிருந்திருக்கிறது.

பால்கனியில் குழாய் முனையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே மண். குளவி கூடு கட்டியிருந்தது. விரல் நுழையும் அளவு துவாரம், நிழல், பக்கத்திலேயே தண்ணீர்; குளவிக்கு இதைவிட நல்ல மனை சென்னையில் கிடைக்காது. ஒரு கம்பியை விட்டு நோண்டினேன். முதலில் மண் கட்டி கட்டியாக வந்தது. அப்புறம் பாசியும் சளியுமாக ஏதோ ஒன்று, சாம்பல் நிறத்தில், நீளமாக. அப்புறம் ஒரு விக்கல். அதன்பின் குழாய் கொடகொடவென்று கொட்ட ஆரம்பித்தது. கீழேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டு வாரமா தண்ணியே வரல. ஊர்ல இல்லையோன்னு நெனச்சேன்."

என் ஏசி கெட்டுப்போனது எனக்குத் தெரிவதற்குப் பதினாலு நாள் முன்பே அவருடைய புதினாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஃபில்டரைக் கழுவுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அழுக்குப் படிந்த பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் அழுக்கு வலைக்குள் இன்னும் இறங்கும். திருப்பிப் பிடித்து, பின்பக்கமிருந்து குழாய்த் தண்ணீரை விட வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம். வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் சட்டம் கோணிக்கொள்ளும், நிழலே போதும். பின்னால் இருக்கும் காயிலுக்கு எம்.சி.பி-யை (ஏசிக்குக் கரண்ட் போகும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிவிட்டு, ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷை எடுத்து, அலுமினியத் தகடுகள் போகும் திசையிலேயே மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தேன். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கிவிடும், அவ்வளவு மெல்லிசு. பிரஷில் வந்த அழுக்கு வெறும் தூசி இல்லை, பிசுபிசுத்தது. தினமும் சாயங்காலம் ஏற்றும் ஊதுபத்திப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சமையலறையிலிருந்து மிதந்து வரும் எண்ணெய், பவுடர், தலையணைப் பஞ்சு எல்லாம் சேர்ந்து வஜ்ரம் மாதிரி ஒட்டியிருந்தது. எங்கள் குடித்தனமே அந்த பிரஷில் இருந்தது.

அரைமணி நேரம் காயவிட்டு ஏசியைப் போட்டேன். இருபது நிமிஷத்தில் மனைவி வந்து, "இப்ப எதுக்கு 18-ல வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

இங்கேதான் எனக்குக் கேஸ் பற்றிய சந்தேகம் வந்தது. சித்தப்பாவிடம் கேட்டதற்கு அவர் எரிச்சலோடு சொன்னது இது: "கேஸ் என்ன ஸ்கூட்டர்ல ஊத்தற பெட்ரோலா, ஓடி ஓடித் தீர்றதுக்கு?" ஏசி ஒரு மூடிய சுற்று. உள்ளே இருக்கும் கேஸ் திரவமாகி, ஆவியாகி, திரும்பத் திரும்ப அதே குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆர்-32 என்ற கேஸ் ஓடும் ஒன்றரை டன் ஏசியில் இருப்பது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு உள்ளேதான். எவ்வளவு என்று வெளி யூனிட்டின் தகட்டிலேயே அச்சடித்திருக்கும். ஓட்டை இல்லாவிட்டால் அது பத்து வருஷம் ஆனாலும் அங்கேயேதான் இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஆகவே "கேஸ் இல்ல சார்" என்றால், நாம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி "எங்க லீக்?" என்பதுதான். கசிவு பெரும்பாலும் குழாய் இணைப்பு நட்டுகளில் இருக்கும், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். சோப்பு நுரை வைத்தால் குமிழ் விடும். முறையாகச் செய்கிறவர் நைட்ரஜனை ஏற்றிக் கசிவைப் பார்த்து, அடைத்து, வேக்கம் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, தராசில் எடை வைத்துக் கேஸ் ஏற்றுவார். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். பத்து நிமிஷத்தில் கேஸ் அடித்து முடிந்தது என்றால் இதில் பாதி நடக்கவில்லை.

அப்படியானால் அதற்கு முந்தைய வருஷம் வந்தவர் என்னை ஏமாற்றினாரா? அப்படித் திட்டிவிட்டுப் போவது சுலபம். சித்தப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. காயில் அழுக்கால் அடைத்துக் காற்று போகாமல் இருக்கும்போது கேஜை மாட்டினால் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். கேஸ் குறைந்தாலும் அதே முள் அதே பக்கம்தான் சாயும். இரண்டிலும் ஐஸ் கட்டும். அவசரத்தில் இருப்பவருக்கு முள் சொல்வதுதான் தீர்ப்பு. அன்று அவர் கேஸும் அடித்தார், வாட்டர் சர்வீஸும் செய்தார். குணமாக்கியது எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பில்லில் பெரிய தொகை கேஸின் பெயரில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குளவிக்கூட்டுக்குப் பிறகு இரண்டு கோடை தாண்டிவிட்டது. கேஸ் அடிக்கவில்லை. ஏசி குளிர்கிறது. கசிந்துகொண்டிருந்த ஏசி இப்படி நடந்துகொள்ளாது.

நிஜமாகவே கேஸ் குறைந்ததற்கு அடையாளம் ஒன்று அவர் காட்டிக்கொடுத்தார். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செப்புக் குழாய்கள் வந்து சேரும், ஒன்று தடி, ஒன்று மெல்லிசு. நன்றாக ஓடும் ஏசியில் தடிக்குழாய் தொட்டால் சில்லென்று வேர்த்திருக்கும். தடிக்குழாய் குளிராமல், மெல்லிய குழாயின் மூட்டில் மட்டும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால், ஃபில்டரும் சுத்தமாக இருந்தால், அப்போது கேஸைச் சந்தேகப்படலாம். ஃபில்டரைக் கழுவி, ஐஸை முழுக்க உருகவிட்டு, ஒரு மணி நேரம் ஓட்டியும் மறுபடி ஐஸ் கட்டினாலும் அதே கதைதான். அதற்கு மேல் நம் வேலை இல்லை. போனை எடுக்க வேண்டியதுதான்.

அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் ஆன்லைனில் விற்கும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஏசி கால்மணி நேரம் ஓடிய பிறகு, மேலே காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு, கீழே காற்று வெளிவரும் வாயில் ஒரு அளவு. இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மிஷின் மேல் பழி போடாதீர்கள். என் தம்பி மொட்டை மாடிக்குக் கீழே குடியிருக்கிறான். மத்தியானம் இரண்டு மணிக்கு ஏசி குளிரவில்லை என்று புலம்புவான். அளந்து பார்த்தால் வித்தியாசம் 10 டிகிரி. பாவம், அந்த ஏசி அவன் அறையோடு சேர்த்துக் கூரைத் தளத்தையும் குளிர்விக்கப் பார்க்கிறது. ஒரு டன் என்பது 24 மணி நேரத்தில் ஒரு டன் ஐஸ் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவு. வெப்பத்தை அளக்கும் பி.டி.யு கணக்கில் மணிக்கு 12,000. காலையிலிருந்து வெயில் குடித்த கான்கிரீட்டுக்கு அது போதாது.

இன்னொன்று, தண்ணீர் வருகிறது, ஆனால் குளிரவில்லை என்றால் நேரே வெளி யூனிட்டிடம் போங்கள். நாம் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை எல்லாம் வெளியே கொட்டுகிற இடம் அது. அதன் முன்னால் எங்கள் பால்கனியில் என்ன இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது: மடக்குக் கட்டில், இரண்டு அட்டைப்பெட்டி, கொடியில் ஈரப் போர்வை. சூடான காற்று போர்வையில் முட்டித் திரும்பி வந்து மறுபடி அதே யூனிட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் புறா ஒன்று குச்சிகளை அடுக்கிக் குடும்பம் நடத்தப் பார்த்திருந்தது. வெயில் படக்கூடாது என்று சிலர் வெளி யூனிட்டைச் சுற்றிப் பெட்டி மாதிரி அடைத்துவிடுகிறார்கள். மேலே நிழல் போதும். சுற்றி அடைத்தால் மூச்சு முட்டிச் சாகும்.

கரண்ட் விஷயத்தில் எங்கள் வீட்டுக்குத் தனி வரலாறு உண்டு. ஏசி அடியோடு ஓடவில்லை என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கும். ஹாலில் லைட் எரியும், டிவி ஓடும், ஏசி மட்டும் செத்துக் கிடக்கும். நாம் ஏசியைச் சந்தேகப்படுவோம். எதிர்வீட்டிலும் பாதி லைட்தான் எரிகிறதா என்று பார்த்தாலே போதும். அது மின்வாரியத்தின் வேலை, அவர்களுடைய புகார் மையமான மின்னகத்துக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அடுத்தது வோல்டேஜ். வேளச்சேரியில் எங்கள் தெரு முழுக்க ராத்திரி பத்து மணிக்கு ஒரே நேரத்தில் ஏசி போடுவார்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டெபிலைசர் 180 காட்டும். அது 'கட்' ஆகி நிற்பது கெட்டுப்போனதால் இல்லை, கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தான். மறுபடி கரண்ட் வந்ததும் மூன்று நிமிஷம் ஏசி சும்மா இருக்கும். அதுவும் கோளாறு இல்லை. உள்ளே அழுத்தம் சமமாவதற்குள் கம்ப்ரஸரைக் கிளப்பக்கூடாது என்று வைத்த தாமதம். அந்த மூன்று நிமிஷப் பொறுமை இல்லாமல் சுவிட்சைத் தட்டித் தட்டியே மிஷினைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். (நானே ஒருவன், பழைய வீட்டில்.)

பிளக் மட்டும் விளையாட்டில்லை. ஒருநாள் படுக்கையறையில் மீன் கருகியது போல ஒரு வாடை. எங்கள் வீட்டில் அன்று மீனே இல்லை. தேடினால் ஏசி பிளக் ஒரு பக்கம் பழுப்பாகி இளகியிருந்தது. உள்ளே திருகு தளர்ந்து, அந்த இடம் மாதக்கணக்கில் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் பயம். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை, ஏசி ஒரு மணி நேரம் ஓடியதும், பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கும்படி சுட்டால் எம்.சி.பி-யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். எம்.சி.பி ட்ரிப் ஆனால் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். உடனே மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். விழுவதுதான் அதன் வேலை. அது நிற்கட்டும் என்று பெரிய எம்.சி.பி மாற்றச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ரிமோட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. யாரோ மோடை மாற்றியிருப்பார்கள்; ஃபேன் மோடில் கூலிங் வராது. எங்கள் வீட்டில் அந்த யாரோவுக்கு ஆறு வயது. பேட்டரி மேல் சந்தேகம் இருந்தால் போனின் செல்ஃபி கேமராவை ரிமோட் முனைக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். உயிர் இருந்தால் திரையில் ஊதா வெளிச்சம் மினுக்கும். ரிமோட்டே இல்லாவிட்டாலும் முன் மூடிக்கு அடியில் ஒரு சின்னப் பட்டன் பெரும்பாலான ஏசிகளில் இருக்கும், அதை அழுத்தினால் ஓடும். புது ஏசி போட்டவுடனே 24-ல் ஆரம்பிக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை உள்ள ஏசிகள் அப்படித்தான் வர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பல்லி. வெளி யூனிட்டின் சர்க்யூட் போர்டுக்குள் கதகதப்புக்குப் போய் இரண்டு முனைகளுக்கு நடுவே படுத்துவிடும். அதுவும் போகும், ஏழெட்டாயிரம் ரூபாய் போர்டும் போகும். பல்லி எந்தப் பக்கம் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஏசிக்குள் விழுந்தால் என்ன பலன் என்பதை மெக்கானிக்தான் சொல்கிறார்.

நாம் கை வைக்கவே கூடாத இடம், வெளி யூனிட்டின் மூடிக்குள் இருக்கும் கெபாசிட்டர். ஃபேன் சுற்றாமல் ம்ம்ம் என்று முனகிவிட்டு நின்றுபோனால் பெரும்பாலும் அதுதான் பழுது, விலையும் சில நூறு ரூபாய்தான். வீடியோ பார்த்துவிட்டு நாமே மாற்றலாம் என்று தோன்றும். கரண்டை நிறுத்திய பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். கேஸும் அப்படியே. ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அறைக்குள் விளையாடும் பொருள் இல்லை. சன்ஷேடில் இறங்குவதும் வேண்டாம். எங்களுக்கு வரும் மெக்கானிக் பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மே மாத மத்தியானம், பெல்ட் இல்லாமல், ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை அடி சன்ஷேடில் நின்று வெளி யூனிட்டைக் கழற்றுவான். அன்று அவனுக்கு அது எட்டாவது வீடாக இருக்கும். ஃபில்டர் கழுவுவதற்காக அவனை அங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு 3,500 ரூபாய்க் கோபம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

இப்போதெல்லாம் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தால் "ஏசி கூல் ஆகல" என்று சொல்வதில்லை. போன மார்ச்சில் சொன்னது இது: "தம்பி, ஃபில்டர் கழுவியாச்சு, வோல்டேஜ் 225 இருக்கு, பைப்புல தண்ணி வரல, வெளிய ஃபேன் சுத்தல, முனகல் சத்தம் கேக்குது, எட்டு நிமிஷத்துல நின்னுடுது." எதிர்முனையில் ஒரு நொடி அமைதி. அப்புறம், "கெபாசிட்டர் எடுத்துட்டு வரேன் சார்" என்றான். அரைமணி நேர வேலை. முதல் தடவை வந்து பார்க்க ஒரு விசிட் சார்ஜ், சாமான் வாங்கிவந்து மாட்ட இன்னொரு நாள் என்ற அலைச்சல் அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

சித்தப்பாவிடம் ஒருநாள் இந்தத் தண்ணீரை யு.பி.எஸ் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று கேட்டேன், டிஸ்டில்டு வாட்டர் மாதிரிதானே என்று. "உன் காயில்ல இருந்த அழுக்கைக் கண்ணால பார்த்தப்புறமும் கேக்கறியே" என்றார். அதனால் அது புதினாவுக்கே போகிறது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. ஏசி ஓடுகிறது, அறை ஜில்லென்று இருக்கிறது, நான் மத்தியானத் தூக்கத்தில். கீழேயிருந்து குரல்.

"தம்பி! காலைலேர்ந்து சொட்டு சொட்டாத்தான் வருது, பாருங்க!"

எழுந்து, கம்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.